மாணிக்தலாவில் மூண்ட வாதம்

'இளம் வங்காளம்' என்றதும் மாட்டிறைச்சியும் மதுவும்தான் பலருக்கு நினைவுக்கு வரும். 1830-களில் அந்தப் பெயர் பெற்ற கல்கத்தா இந்துக் கல்லூரி மாணவர்கள் சாதிக் கட்டை உடைக்கிறோம் என்று செய்த அத்துமீறல்களை வரலாற்று நூல்கள் சலிக்காமல் எழுதுகின்றன. அவை நடந்தவைதாம். ஆனால் அந்த இளைஞர்களை அவற்றை மட்டும் வைத்து எடைபோடுவது பெரிய அநீதி. எதிர்த்தரப்பின் சொல்லையும் கேட்டு, ஆதாரம் காட்டி, ஆட்சியாளரின் முகத்துக்கு நேரே அவையில் பேசும் பழக்கத்தை இந்தியப் பொதுவாழ்வுக்குத் தந்தவர்களில் முன்வரிசையில் நிற்பவர்கள் அவர்கள்.

1817-ல் தொடங்கிய அந்தக் கல்லூரிக்கு, இருபது வயது நிரம்புவதற்குள்ளேயே ஆசிரியராக வந்தவர் ஹென்றி டெரோசியோ. அவரைத் தலைவராகக் கொண்டு 1828 வாக்கில் மாணவர்கள் அமைத்த விவாத மன்றம் மாணிக்தலாவிலிருந்த ஒரு தோட்ட வீட்டில் கூடியது. விதி, உருவ வழிபாடு, கடவுள் உண்டா இல்லையா என எதையும் அங்கே வாதிடலாம். கல்விக் கொடையாளர் டேவிட் ஹேர் போன்றோர் வந்து உட்கார்ந்து கேட்டார்கள். பெற்றோர் கொதித்தார்கள், 1831 ஏப்ரலில் நிர்வாகக் குழு கூடியது. டெரோசியோ ஆசிரியராக இருக்கத் தகுதியற்றவர் என்று சொல்லக் குழுவின் பெரும்பான்மை முன்வரவில்லை. இருந்தும், ஊரின் மனநிலையைக் காரணம் காட்டி அவரை நீக்கத் தீர்மானித்தது. அவரை அழைத்து விசாரிக்கவும் இல்லை. அவர் ராஜிநாமா செய்தார். நாத்திகம் போதித்தாரா என்று குழுவிலிருந்த எச். எச். வில்சன் கேட்டதற்கு அவர் எழுதிய பதில்தான் இங்கே முக்கியமான சான்று. டேவிட் ஹியூமின் ஐயவாதத்தைக் கற்பித்ததை அவர் மறைக்கவில்லை. அதற்குத் தத்துவ அறிஞர்களான ரீடும் டூகால்ட் ஸ்டூவர்ட்டும் சொன்ன மறுப்புகளையும் சேர்த்தே கற்பித்ததாக விளக்கினார். ஒரு பக்கத்தை மட்டும் காட்டினால் மாணவன் மூடநம்பிக்கையை விட்டு இன்னொரு பிடிவாதத்தில் விழுவான் என்பதை அந்த ஆசிரியர் உணர்ந்திருந்தார். அதே ஆண்டு டிசம்பரில் காலராவுக்குப் பலியானபோது அவருக்கு வயது 22.

வாதம் இந்த நாட்டுக்குப் புதிதா என்று கேட்கலாம். வங்காளத்து நவத்வீபத்தில் நியாய சாஸ்திர வாதங்கள் தலைமுறை தலைமுறையாக நடந்தன; நம் மணிமேகலையே பட்டிமண்டபத்தைப் பேசுகிறது. உண்மைதான். ஆனால் அந்நிய அரசின் நீதிமன்றத்தையும் காவல்துறையையும் குடிமக்கள் கூட்டம் போட்டு ஆராய்வது வேறு வகை. 1838-ல் பழைய மாணவர்கள் பொது அறிவு தேடும் சங்கம் ஒன்றை நிறுவினார்கள். 1843 பிப்ரவரியில் கல்லூரி மண்டபத்தில் நடந்த கூட்டத்தில், கிழக்கிந்தியக் கம்பெனியின் குற்றவியல் நீதியும் போலீஸும் இருந்த நிலை பற்றி தட்சிணாரஞ்சன் முகர்ஜி கட்டுரை படித்தார். பாதியில் எழுந்த முதல்வர் ரிச்சர்ட்சன், கல்லூரியை ராஜத்துரோகக் கூடாரமாக்க விடமாட்டேன் என்று தடுத்தார். தலைமை வகித்த தாராசந்த் சக்கரவர்த்தி அசரவில்லை. விருந்தினராக வந்தவர் சங்கத்தை அவமதித்துவிட்டார், சொன்னதைத் திரும்பப் பெறாவிட்டால் கல்லூரிக் குழுவிடமும் தேவைப்பட்டால் அரசிடமும் முறையிடுவோம் என்று அறிவித்தார். கூச்சல் போடாமல், அவை மரபைக் கொண்டே அதிகாரத்துக்கு வரம்பு கட்டினார். இந்தத் துணிவு மாணிக்தலா தந்த பயிற்சி இல்லாமல் வந்திருக்காது என்றே நினைக்கிறேன்.

ஆங்கிலம் படித்த ஒரு சில வசதியான வீட்டுப் பிள்ளைகள்தானே, மக்களுக்கும் அவர்களுக்கும் என்ன தொடர்பு என்ற குறை வலுவானது. உழவர்களோ பெண்களோ அந்த மன்றங்களில் இல்லை. ஆனாலும் அவர்கள் ஆங்கிலத்துக்குள்ளேயே முடங்கிவிடவில்லை. 1831-லேயே 'ஞானான்வேஷண்' இதழை வங்க மொழியில் தொடங்கினார்கள். பேச்சு வங்காளத்தை நாவலுக்குக் கொண்டுவந்த பியாரிசந்த் மித்ராவும் இந்தக் குழுவில் வளர்ந்தவர். அவர்களின் வாதம் அமைப்பாகவும் வளர்ந்தது: ரிச்சர்ட்சனோடு மோதிய சில வாரங்களில் வங்காள பிரிட்டிஷ் இந்தியச் சங்கம் பிறந்தது. அதன் வழியில் 1851-ல் பிரிட்டிஷ் இந்தியச் சங்கம் உருவானது. அதன் கிளையாகத் தொடங்கி விரைவிலேயே தனித்து நின்றதுதான், கஜுலு லட்சுமிநரசு செட்டி 1852-ல் அமைத்த சென்னை சுதேசி சங்கம்.