பாரிசின் இளவேனில் கண்காட்சிகளும் பெர்த் மொரிசோவின் நினைவும்

பெர்த் மொரிசோ (1841–1895) பிரெஞ்சு ஓவியர். மோனே, ரெனுவார், தெகா, பிசாரோ ஆகியோருடன் சேர்ந்து பாரிஸ் நகரில் ஓவியர்களுக்கென ஒரு சங்கத்தைத் தொடங்கியவர். பிற்காலத்தில் 'இம்ப்ரெஷனிஸ்டுகள்' என்று உலகம் அழைத்த குழு இதுதான். 1874 முதல் 1886 வரை இக்குழு நடத்திய எட்டுக் கண்காட்சிகளில் ஏழில் மொரிசோவின் படங்கள் இடம்பெற்றன. அவர் இறந்தபோது எழுதப்பட்ட இறப்புப் பதிவிலோ 'தொழில் எதுவும் இல்லை' என்றே குறிக்கப்பட்டது.

அக்காலத்தில் பிரான்சில் ஓவியர் ஒருவர் பெயர் பெற வேண்டுமானால் 'சலோன்' எனப்படும் அரசுக் கண்காட்சியில் இடம்பெற வேண்டும். எந்தப் படத்தை ஏற்பது, எதைத் தள்ளுவது என்பதைத் தேர்வுக்குழு முடிவு செய்யும். மொரிசோவுக்கு அந்தக் கதவு மூடியிருக்கவில்லை. 1864 முதலே அவருடைய படங்கள் சலோனில் ஏற்கப்பட்டு வந்தன. அரசு ஓவியக் கல்லூரியான எகோல் தே போசார்தான் பெண்களைச் சேர்த்துக்கொள்ளாமல் இருந்தது. அது அவர் இறந்த பின், 1897 இல்தான் அவர்களுக்குத் திறந்தது. ஆகவே சலோனை விட்டு வெளியே வந்ததில் அவர் இழக்கக்கூடியது மற்றவர்களைவிட அதிகம். போக வேண்டாம் என்று நண்பர்கள் சொல்லியும் அவர் கேட்கவில்லை.

சங்கம் 1873 டிசம்பர் 27 அன்று முறைப்படி அமைந்தது. அதன் விதிகளை வகுக்கும்போது பிசாரோ, பொந்துவாஸ் ஊர் ரொட்டி சுடுவோர் சங்கத்தின் விதிகளை முன்மாதிரியாகக் காட்டினார். கலை வரலாற்றைப் படிப்போர் இந்தச் சிறு செய்தியைத் தாண்டிப் போய்விடுகின்றனர், அப்படிப் போகலாகாது. அவர்கள் அமைக்க நினைத்தது ஒரு கூட்டுறவுச் சங்கம். உறுப்பினர் ஒவ்வொருவரும் ஆண்டுக்கு 60 பிராங்கு சந்தா கட்ட வேண்டும். தேர்வுக்குழு கிடையாது. ஆண் பெண் என்ற வேறுபாடின்றி எல்லா உறுப்பினருக்கும் ஒரே உரிமை.

முதல் கண்காட்சி 1874 ஏப்ரல் 15 அன்று, புகைப்படக் கலைஞர் நதார் முன்பு பயன்படுத்திய கூடத்தில் தொடங்கி ஒரு மாதம் நடந்தது. சலோன் திறப்பதற்கு இரு வாரம் முன்னதாகவே தொடங்கிவிட்டனர். நுழைவுக் கட்டணம் ஒரு பிராங்கு. பகலில் வேலைக்குச் செல்வோரும் வரட்டும் என்று இரவு 8 முதல் 10 மணி வரையும் திறந்து வைத்தனர். சுமார் 30 பேர் படங்களை வைத்தனர்; அவர்களுள் பெண் மொரிசோ ஒருவரே. தொட்டிலில் உறங்கும் குழந்தையைத் தாய் பார்த்துக்கொண்டிருக்கும் 'தொட்டில்' என்ற படம் அங்கேதான் முதலில் மக்கள் பார்வைக்கு வந்தது. அந்தத் தாய் மொரிசோவின் அக்காள் எத்மா. அவரும் தங்கையோடு சேர்ந்து ஓவியம் பயின்றவர்; திருமணத்துக்குப் பின் தூரிகையைக் கீழே வைத்துவிட்டார். இதை அறிந்து பார்க்கும்போது அந்த முகத்தின் அமைதி வேறு விதமாகத் தெரியும்.

கண்காட்சிக்குச் சுமார் 3,500 பேர் வந்தனர். பத்திரிகைகள் கேலி செய்தன. ஆண்டு முடிவில் கணக்குப் பார்த்தபோது ஒவ்வொரு உறுப்பினரும் 184.50 பிராங்கு கடன்பட்டிருந்தனர். சங்கம் கலைக்கப்பட்டது. ஆனாலும் குழு கலையவில்லை. 1875 மார்ச்சில் நால்வர் தங்கள் படங்களை ஏலத்தில் விட்டபோது கூச்சல் எழுந்து காவலரை அழைக்க வேண்டியதாயிற்று. அந்த ஏலத்தில் மிக உயர்ந்த விலையான 480 பிராங்கு பெற்றது மொரிசோவின் படம்தான்.

அதன்பின் 1876, 1877, 1879, 1880, 1881, 1882, 1886 ஆகிய ஆண்டுகளில் கண்காட்சிகள் நடந்தன. எல்லாமே மார்ச்சுக்கும் ஜூனுக்கும் இடைப்பட்ட காலத்தில்தான். பாரிசில் படம் பார்க்கும் பருவம் அது. 1879 இல் மட்டும் மொரிசோ கலந்துகொள்ளவில்லை. முந்திய நவம்பரில் மகள் ஜூலி பிறந்திருந்தாள். மோனே, ரெனுவார், சிஸ்லி ஆகியோர் சில ஆண்டுகள் சலோனுக்கே திரும்பிப் போனதுண்டு. மொரிசோ திரும்பிப் போகவில்லை. கடைசிக் கண்காட்சியை நடத்த அவரும் கணவர் எழேன் மனேயும் உழைப்பும் பணமும் தந்தனர்.

1895 மார்ச் 2 அன்று, நோயுற்ற மகளைக் கவனித்து வந்த மொரிசோ தாமும் நோயுற்று 54 ஆம் வயதில் காலமானார். கணவர் 1892 இலேயே இறந்துவிட்டார். பாசி கல்லறைத் தோட்டத்தில் உள்ள கல்லில் 'எழேன் மனேயின் விதவை' என்று பொறித்தனர். ஓவியர் என்ற சொல் அதிலும் இல்லை.

அந்தச் சொல்லை அவருடைய பழைய தோழர்கள் வேறு விதத்தில் எழுதினர். 1896 மார்ச்சில் துரான்-ருவெல் கூடத்தில் முந்நூற்றுக்கும் மேற்பட்ட அவருடைய படங்களைத் திரட்டி நினைவுக் கண்காட்சி ஒன்று வைத்தனர். கவிஞர் மலார்மே பட்டியலுக்கு முன்னுரை எழுதினார். படங்களை மாட்ட ஆள் வைக்கவில்லை. முதலாண்டு நினைவு நாளான மார்ச் 2 இல் தெகா, மோனே, ரெனுவார் ஆகியோர் தாங்களே அந்த வேலையில் இறங்கினர். அப்போது மூவருக்குமே வயது ஐம்பதைத் தாண்டியிருந்தது. 17 வயது ஜூலியும் உடனிருந்தாள். நடந்ததை நாட்குறிப்பில் எழுதி வைத்தாள்.

துக்க வீட்டிலும் சண்டை வருவதுண்டு. மொரிசோவின் கோட்டோவியங்களை ஒட்டிய மடக்குத்தட்டி ஒன்றைப் பெரிய கூடத்தின் நடுவிலேயே வைக்க வேண்டும் என்றார் தெகா. அப்படி வைத்தால் பெரிய படங்களைப் பின்னால் நகர்ந்து நின்று பார்க்க முடியாது என்றனர் மோனேயும் ரெனுவாரும். பொதுமக்களைப் பற்றி எனக்கென்ன என்ற பாணியில் தெகா பேசினார். இருட்டும்வரை வாதம் நீண்டது. மலார்மே சமாதானம் செய்து பார்த்தும் பலிக்காமல் தெகா கோபத்தோடு வெளியேறினார். இறுதியில் தட்டி வேறு அறைக்குப் போனது. கண்காட்சி மார்ச் 5 அன்று திறந்தது. பிடிவாதம் என்று தெகாவை ஒதுக்கிவிட முடியாது. எண்ணெய் வண்ணப் படங்களுக்கு உள்ள மதிப்பு அவருடைய கோட்டோவியங்களுக்கும் கிடைக்க வேண்டும் என்பதே அவர் வழக்கு. இரு தரப்பும் மல்லுக்கு நின்றது ஒரே கேள்விக்காக: இந்த ஓவியரை எப்படிக் காட்டினால் சரியாகத் தெரியும்?

1874 இல் விலை போகாத 'தொட்டில்' எத்மாவின் குடும்பத்திலேயே இருந்தது. 1930 இல் லூவ்ர் அருங்காட்சியகம் அதை வாங்கியது. இன்று பாரிசின் ஓர்சே அருங்காட்சியகத்தில் உள்ளது. ஜூலியின் குடும்பத்தார் காத்து வந்த படங்களில் பெரும்பகுதி பாரிசின் மர்மோத்தான் அருங்காட்சியகத்தைச் சேர்ந்தது.