வாளின் உதை

1929-ஆம் வருஷம் சிங்கம்பட்டி ஜமீன் மாஞ்சோலை மலையைப் பம்பாய் பர்மா கம்பெனிக்கு 99 வருஷக் குத்தகைக்குக் கொடுத்தது. மணிமுத்தாற்றுக்கு மேலே காடு போய்த் தேயிலை வந்தது. அதே வருஷம் ஜெர்மனியில் ஸ்டீல் என்பவர் பெட்ரோலில் ஓடும் சங்கிலி வாளைச் செய்தார். எடை 46 கிலோ. பிடிக்க இரண்டு பேர்.

நம் இழுப்பு வாளுக்கும் இரண்டு பேர்தான். ஆனால் மரம் வாளைக் கவ்வினால் கை ஓயும், வாளும் நின்றுவிடும். யந்திரத்துக்கு ஓயத் தெரியாது. வாள் மூக்கின் மேற்பாதி மரத்தில் பட்டுச் சங்கிலி சிக்கினால், அத்தனை வேகமும் வாளை மேலே தூக்கிப் பிடித்தவன் முகத்தை நோக்கி எறியும். கண் இமைக்க நேரமிராது.

பிறகு ஓராள் தூக்குமளவுக்கு வாள் இளைத்தது. ஆபத்தும் ஒருவன் தலையிலேயே விடிந்தது. 1970-களில்தான் சங்கிலித் தடை பரவியது. முன்கைப்பிடிக்கு எதிரே ஒரு காப்பு. உதையில் கை அதில் மோதினால் சங்கிலி சட்டென்று நிற்கும். மூக்கைச் சிறிதாக்கினார்கள், பல் ஆழக் கடிக்காதபடி முன்னே திமில் வைத்தார்கள். இவை உதையைக் குறைக்கும், ஒழிக்கமாட்டா.

பழைய வாளுக்கு மனிதனுடைய களைப்பே காவல் என்று எனக்குத் தோன்றுகிறது. யந்திரம் பறித்த அந்தக் காவலைத் திருப்பித் தர 40 வருஷம் பிடித்தது. வேலை தடைப்படுகிறதென்று அதைக் கழற்றிவிட்டுக் கூலியாள் கையில் வாளைக் கொடுக்கும் முதலாளி, எதைக் கழற்றுகிறோம் என்று ஒரு நிமிஷம் யோசிக்கலாம் அல்லவா?