கூரைமேற் புல்வெளி: செலவும் பயனும்

கட்டடக் கூரையில் மண்ணிட்டுப் புல் வளர்த்தல் வீண் செலவு என்பது பலர் கருத்து. பாரந்தாங்கும் அமைப்பும் நீர் கசியாத தளமும் தொடக்கச் செலவைக் கூட்டுவன என்பது உண்மையே. ஆயின், அதன் பயனை எத்துணைக் காலத்துக்குக் கணித்தல் வேண்டும்? சுவிற்சர்லாந்தின் சூரிச் நகரக் கூரையொன்றின் வரலாறு இவ்வினாவுக்கு விடை பகர்கின்றது.

அந்நகரின் வொலிஸ்ஹோபன் பகுதியில் ஏரிநீரை வடிகட்டும் நிலையம் 1914 இல் அமைக்கப்பட்டது. கோடையில் வடிகட்டிகளின் நீர் சூடேறின் பற்றீரியா பெருகும். அதனைத் தவிர்க்கவே கொங்கிறீற்றுக் கூரைமேல் தார்ப்படையும், மணலும் பரலும் கலந்த வடிகாற் படையும், அவற்றின்மேல் 15 முதல் 20 சதமமீற்றர் வரை அயற் புல்வெளிகளின் மேல்மண்ணும் இடப்பட்டன. மண்ணோடு வந்த விதைகள் முளைத்தன. ஏறத்தாழ 30,000 சதுர மீற்றர் பரப்பில், எவரும் விதையாத புல்வெளியொன்று உருவாயிற்று.

பிற்காலத்தில் வேளாண்மை தீவிரமடைந்தமையால் சூழவிருந்த ஈரப்புல்வெளிகள் அருகின. கூரையிலோ ஏறத்தாழ 175 தாவர இனங்கள் எஞ்சி வாழ்ந்தன. அவற்றுள் ஒன்பது ஓர்க்கிட் இனங்களாம். மண்ணின் காப்பினால் தார்ப்படையும் வெயிலாலும் உறைபனியாலும் எளிதிற் கெடாது பல்லாண்டு நிலைத்தது.

நீரைக் குளிர்மையாக வைத்தற்குச் செய்த செலவே, நிலம் இழந்துவிட்ட தாவரச் செல்வத்தையும் காத்தளித்தது. ஆதலின், நிதியாண்டொன்றின் கணக்கைக் கொண்டு இத்தகைய கூரையை மதிப்பிடுதல் பொருந்தாது என்க.