தில்லியின் கரியடுப்பும் தமிழரின் சூட்டிறைச்சியும்

பிழைப்பின் பொருட்டுத் தாயகம் விட்டு வந்து வாழும் நாம், வந்த இடத்து மொழியைக் கற்றுக்கொள்கிறோம். குளிருக்கேற்ப உடையை மாற்றிக்கொள்கிறோம். அடுக்களை வாயிலில் மட்டும் ஒரு கோடு கிழித்து, 'இது நம் சமையல், அது அவர்கள் சமையல்' என்று பிரித்து வைக்கிறோம். தில்லியில் பிறந்து வளரும் நம் பிள்ளைகளோ அந்தக் கோட்டை நாள்தோறும் தாண்டுகிறார்கள். கரியடுப்பில் சுட்ட ஆட்டு விலா எலும்புக் கறியை அவர்கள் விரும்பி உண்பதைக் காணும்போது, 'நம் பழக்கம் நம்மோடு அற்றுப் போகுமோ?' என்ற கவலை பெற்றோர் உள்ளத்தில் எழுவது இயல்பே. அக்கவலைக்கு வரலாறு என்ன விடை கூறுகிறது என்பதைச் சற்று ஆராய்வோம்.

பழைய தில்லியில் இவ்வுணவுக்குப் 'பர்ரா கபாப்' என்று பெயர். 'பர்ரா' என்பது ஆட்டுக்குட்டியைக் குறிக்கும் பாரசீகச் சொல். விலா எலும்பையும் அதனை ஒட்டிய சாப்ஸ் துண்டுகளையும் தயிரிலும் மசாலையிலும் ஊறவைத்து, கனலில் சுட்டெடுப்பது இதன் முறை.

சுட்ட இறைச்சி தில்லிக்கு மிகப் பழைய உறவு. மொராக்கோ நாட்டுப் பயணியான இபின் பதூதா 1334ஆம் ஆண்டில் தில்லி சேர்ந்து, முகமது பின் துக்ளக்கின் அரசவையில் இருந்தவர். ஓர் ஆட்டை நான்கு முதல் ஆறு துண்டுகளாக்கிச் சுட்டு, ஆளுக்கொரு துண்டு வைத்தார்கள் என்று அரண்மனை விருந்தை அவர் வருணிக்கிறார். பதினாறாம் நூற்றாண்டின் இறுதியில் அபுல் பசல் இயற்றிய 'அயினி அக்பரி' கபாபுக்கு அளவே தந்துள்ளது. பத்துச் சேர் இறைச்சிக்கு நெய், இஞ்சி, வெங்காயம் ஆகியவை அரை அரைச் சேர். அவற்றோடு உப்பு, சீரகம், கொத்தமல்லி விதை, மிளகு, ஏலம், கிராம்பு. மிளகாய் அப்பட்டியலில் இல்லை. அமெரிக்கக் கண்டத்துப் பயிரான அது, போர்த்துக்கீசியர் வழியாக இந்நாட்டுக்கு வந்து பரவியது பின்னரே.

1911ஆம் ஆண்டில் ஐந்தாம் ஜார்ஜ் மன்னரின் முடிசூட்டு தர்பாருக்காகப் பெருங்கூட்டம் தில்லியில் திரண்டது. அக்கூட்டத்துக்கு உணவு விற்கத் தொடங்கிய ஹாஜி கரீமுத்தீன், 1913ஆம் ஆண்டில் ஜும்மா மசூதி அருகே கபாபியான் சந்தில் 'கரீம்' உணவகத்தை நிறுவினார். முகலாய அரண்மனைச் சமையற்காரர்களின் வழிவந்தவர்கள் தாங்கள் என்பது அக்குடும்பத்தார் கூற்று. அரண்மனைப் பண்டம் தெருவுக்கு வந்து, காசு கொடுக்கும் எவருக்கும் உரியதாயிற்று. 1947ஆம் ஆண்டுப் பிரிவினையில் வீடிழந்து வந்த பஞ்சாபியர் மற்றொரு நெருப்பைக் கொண்டுவந்தனர், அதுவே தந்தூர். பெஷாவரிலிருந்து வந்த குந்தன்லால் குஜ்ரால், தம் கூட்டாளிகளோடு தரியாகஞ்சில் தொடங்கிய 'மோதி மஹால்' தந்தூரிக் கோழியைப் புகழ்பெறச் செய்தது. அந்த அகதிகள் பலர் குடியேறிய கரோல்பாக்கிலேதான் தமிழ்க் குடும்பங்களும் பல வாழ்ந்தன. ஊரை விட்டு வந்த இரு சாராரின் அடுப்புகளும் ஒரே தெருவில் புகைந்தன.

இனித் தமிழகத்தை நோக்குவோம். கரிகாற் சோழனைப் பாடிய பொருநராற்றுப்படையில், மன்னன் பொருநனுக்கு அளித்த விருந்தில் இருவகை இறைச்சி பேசப்படுகிறது. ஒன்று, வேகவைத்த ஆட்டுத் தொடைக்கறி. மற்றொன்று, கம்பியிற் கோத்துச் சுட்ட கொழுத்த இறைச்சித் துண்டு. துக்ளக்கின் விருந்துக்கு ஆயிரம் ஆண்டுகளுக்கு முன்பே காவிரி நாட்டில் இம்முறை வழக்கில் இருந்தது என்பதற்கு இதைவிடச் சான்று வேண்டுமோ? வடமொழியிலும், காளிதாசரின் சாகுந்தல நாடகத்தில் வரும் விதூஷகன், வேட்டைக் காட்டில் வேளை தவறிக் கம்பிச் சூட்டிறைச்சியையே தின்ன வேண்டியிருக்கிறது என்று அலுத்துக்கொள்கிறான். ஆகவே கனலில் இறைச்சி சுடுவது எந்த ஒரு நாட்டாருக்கும் தனியுடைமை அன்று.

இன்னொரு செய்தியும் உண்டு. இன்று நாம் 'கறி' என்னும் சொல், சங்கத் தமிழில் மிளகைக் குறித்தது. யவனர் மரக்கலங்கள் முசிறிக்குப் பொன் கொணர்ந்து மிளகு ஏற்றிச் சென்றதை அகநானூறு கூறும். அந்த மிளகும் ஏலமும் விளையும் மேற்குத் தொடர்ச்சி மலைகளின் மணம், அக்பரின் கபாபிலும் கமழ்ந்தது. மிளகாய் வருமுன் அதற்குக் காரம் தந்தது தென்னாட்டுச் சரக்கே.

இதனை வீட்டில் செய்ய விரும்புவோர்க்கு முறை எளிது. ஒரு கிலோ விலா எலும்புக் கறியில் உப்பு, இஞ்சி பூண்டு விழுது, இரண்டு மேசைக்கரண்டி பச்சைப் பப்பாளி விழுது ஆகியவற்றைத் தடவி ஒரு மணி நேரம் வைக்க வேண்டும். பப்பாளியில் உள்ள பாப்பெய்ன் என்னும் நொதி இறைச்சியின் நாரை இளக்கும். நேரம் மிகுந்தால் கறி குழைந்து கெடும். பிறகு நீர் வடித்த தயிர் 200 கிராம், வறுத்துப் பொடித்த சீரகம், மிளகுத்தூள், மிளகாய்த்தூள், கரம் மசாலா, சிறிது கடுகெண்ணெய் சேர்த்துப் பிசறி, ஆறு மணி நேரம் குளிர்ப்பெட்டியில் வைக்கலாம். மரக்கரி நன்கு கனன்று, மேலே வெண்சாம்பல் பூத்த பின்னரே கம்பி வலையை வைக்க வேண்டும். கொழுந்துவிட்டெரியும் நெருப்பு மேலே கருக்கி உள்ளே பச்சையாக விட்டுவிடும். நெய் தடவித் தடவித் திருப்பினால், துண்டின் பருமனுக்கேற்ப ஏறக்குறைய அரைமணி நேரத்தில் வெந்துவிடும்.

கரியடுப்பைத் திறந்த வெளியில் மட்டுமே மூட்டுக. தில்லிக் குளிரில் மூடிய அறைக்குள் அங்கீட்டி வைத்து, கார்பன் மோனாக்சைடு நச்சுக்காற்றால் உயிரிழந்தோர் பலர். காற்று மாசு மிகும் நாட்களில் உணவகத் தந்தூர்களிலேயே நிலக்கரிக்கும் விறகுக்கும் தடை விதிக்கப்படுகிறது. அந்நாட்களில் மின்னடுப்பில் சுட்டெடுத்து, 'துங்கார்' முறையில் மணம் ஏற்றலாம்: சுட்ட கறியின் நடுவே சிறு கிண்ணத்தில் கனல்துண்டு ஒன்றை இட்டு, அதன்மேல் ஒரு சொட்டு நெய் விட்டுச் சில நிமிடம் மூடிவைத்தால் போதும். புலால் உண்ணாத அன்பர்கள் பன்னீரையோ சேனைக்கிழங்கையோ பப்பாளியின்றி இவ்வாறே சமைக்கலாம்.

பிள்ளைகள் அயலார் உணவை உண்கிறார்களே என்று வருந்துவோர், கரிகாலன் விருந்தை அவர்களுக்கு எடுத்துச் சொல்வார்களாக. தில்லி நமக்குக் கம்பியில் சுட்டுத் தருவதில் நம் மிளகும் இருக்கிறது, நம் பழைய வழக்கமும் இருக்கிறது. அந்தக் கதையைத் தமிழில் கேட்டு வளரும் பிள்ளைக்கு, எந்த ஊர் அடுப்பும் அந்நியமாகாது, தாய்மொழியும் அகலாது.