பிட்டூ புதர்

பிட்டூ (கிரைசாந்திமாய்டிஸ் மோனிலிஃபெரா) சூரியகாந்திக் குடும்பத்தைச் சேர்ந்தது. ஆண்டு முழுதும் பசுமை மாறாத, மஞ்சள் பூப் பூக்கும் புதர்ச்செடி. தாயகம் தென்னாப்பிரிக்கா. லின்னேயஸ் 1753-இல் இதை ஆஸ்டியோஸ்பெர்மம் பேரினத்தில் சேர்த்தார். பிற்காலத்தில் தனிப் பேரினமாகப் பிரித்தார்கள். இப்போது சிலர் பழைய இடத்துக்கே திருப்பியிருக்கிறார்கள். மோனிலிஃபெரா என்றால் கழுத்துமாலை அணிந்தது என்று பொருள். காய்த்த கொண்டை ஒன்றைக் கையில் எடுத்துப் பார்த்தால் பெயர்க் காரணம் புரிந்துவிடும்.

நாம் ஒரு பூ என்று நினைப்பது, சாமந்தியில் உள்ளது போலவே, பல சிறு பூக்களின் கூட்டம். நடுவிலுள்ள குழல்பூக்கள் மகரந்தம் தருவதோடு சரி, காய்ப்பதில்லை. ஓரத்தில் இதழ்போல் விரியும் கதிர்ப்பூக்களே காய்க்கின்றன. அதனால் காய்கள் விளிம்பைச் சுற்றி மணி கோத்ததுபோல் வட்டமாக அமைகின்றன. பச்சையாக இருந்து கறுத்துப் பழுக்கும் இவை சதைப்பற்றுள்ளவை. இந்தக் குடும்பத்தில் சதைப்பழம் மிக அரிது. நம் வரப்போரத்து வெட்டுக்காயப் பூண்டின் விதை குஞ்சம் விரித்துக் காற்றில் பறக்கிறது. பிட்டூவோ பறவையின் வயிற்றை நம்பியிருக்கிறது. சதைக்குள் இருப்பது எலும்புபோல் கெட்டியான கொட்டை. ஆஸ்டியோஸ்பெர்மம் என்பதற்கு எலும்பு விதை என்றே பொருள்.

இதன் ஆறு துணையினங்களில் இரண்டு ஆஸ்திரேலியாவுக்குப் போய்ச் சேர்ந்தன. நிமிர்ந்து வளரும் வகை 1850-களிலேயே சிட்னி, மெல்போர்ன் பக்கம் தோட்டச் செடியாகிவிட்டது; நன்கு வளர்ந்த ஒரு செடி ஆண்டுக்கு 50,000 விதை வரை உதிர்க்கும். உருண்டை இலையுடன் படர்ந்து வளரும் மற்றது 1908 வாக்கில் நியூகாசிலை அடுத்த ஸ்டாக்டனில் தென்பட்டது. கப்பல்கள் சமநிலைக்காக ஏற்றிவந்து கொட்டிய மண்ணோடு வந்திருக்கலாம் என்பது பொதுவான கருத்து. வந்ததைவிட வளர்த்ததுதான் வினையாயிற்று. காற்றில் நகரும் கடற்கரை மணல்மேடுகளைப் பிடித்து நிறுத்த, 1946 முதல் 1968 வரை நியூ சவுத் வேல்ஸ் மண் பாதுகாப்புத் துறையே இதை வரிசை வரிசையாக நட்டது. மணல் நின்றது, செடி நிற்கவில்லை. பழம் தின்ற பறவைகளும் நரிகளும் விதையைக் காட்டுக்குள் கொண்டுபோயின. இன்று இரு துணையினங்களும் அந்நாட்டின் தேசிய முக்கியத்துவம் வாய்ந்த களைகளின் பட்டியலில் உள்ளன.

வேர் ஆழமாக இறங்காது என்பதால் இளஞ்செடியைக் கையாலேயே பிடுங்கிவிடலாம். பரந்த இடங்களில் மருந்து தெளிக்கிறார்கள். அதற்குக் குளிர்காலமே ஏற்றது, அப்போது உள்ளூர்ச் செடிகளுக்குச் சேதம் குறைவு. தென்னாப்பிரிக்காவிலிருந்து பூச்சிகளையும் வரவழைத்தார்கள். குருத்தைத் தின்னும் அந்துப்பூச்சி 1989-இலும், விதையைத் துளைக்கும் ஈ 1996-இலும் விடப்பட்டன.

ஆஸ்திரேலியக் கரையில் பிட்டூ நெருக்கித் தள்ளும் செடிகளில் முக்கியமானது அங்கத்திய கடற்கரை வேலமரம், அகேசியா லாஞ்சிஃபோலியா. அதே வேலமரம் தென்னாப்பிரிக்காவுக்குப் போய் அங்கே களையாகிப் புதர்க்காடுகளை மூடிக்கொண்டிருக்கிறது. அங்கே அதனிடம் இடத்தைப் பறிகொடுப்பவற்றுள் பிட்டூவும் ஒன்று.