இடாப்பில் எழுதிய பெயர்கள்

நூற்றாண்டு மலருக்குக் கட்டுரையொன்று வேண்டும் என்று மலர்க்குழுவினர் கேட்டபோது, எமது பாடசாலையின் சுகாதார வரலாற்றை எழுதித் தருவதாகவே ஒப்புக்கொண்டேன். வைத்தியரிடம் எல்லோரும் எதிர்பார்ப்பது அதைத்தானே! அம்மைப்பால் குத்திய விபரம் தேடிப் பழைய சேர்வு இடாப்புகளைப் புரட்டப்போன நான், பெயர்களில் சிக்கிக்கொண்டேன். சுகாதார வரலாறும் அவற்றுக்குள்தான் இருக்கிறது என்பது பிறகுதான் விளங்கியது.

பழைய பக்கங்களில் கிரேஸ், மேபல், பேர்ல், ரூபி என்ற பெயர்களே அதிகம். கண்டிக் கச்சேரியிலும் புகையிரதப் பகுதியிலும் வேலைபார்க்க யாழ்ப்பாணத்திலிருந்து வந்த எழுதுவினைஞர்களின் பிள்ளைகள் அவர்கள். பின் கமலாக்களும் கஸ்தூரிகளும் வரத்தொடங்குகிறார்கள். 1927 நவம்பரில் காந்தியடிகள் கஸ்தூரிபாயுடன் இலங்கைக்கு வந்து கண்டியிலும் பேசினார். 1931இல் நேரு தம் மனைவி கமலாவுடனும் மகள் இந்திராவுடனும் ஓய்வெடுக்க வந்தார். 1939 ஜூலையில் அவர் மறுபடி வந்தபோதுதான் இலங்கை இந்தியக் காங்கிரஸ் உருவானது. தோட்டத்துப் பிள்ளைகள் எமது பாடசாலைக்கு வர இன்னும் சில ஆண்டுகள் ஆயின. வந்தபோது கூடவே இந்திராக்கள் வந்தார்கள், அவர்களுடைய தம்பிமார் நேருவாகவும் போஸாகவும் இருந்தார்கள். தமிழ்நாட்டில் 1953 மார்ச் மாதத்தில் பிறந்த பிள்ளைக்கு ஸ்டாலின் என்று பெயர் வைத்த கதை எல்லோருக்கும் தெரியும். எங்கள் பக்கத்தில் லெனினும் இருந்தார், வலன்டினாவும் இருந்தார். 1963இல் தெரஷ்கோவா விண்வெளிக்குப் போனதும் இடதுசாரி அப்பாமார் செய்த வேலை அது.

என் வகுப்பில் மூன்று ஸ்ரீதேவிகள். அதற்கு விளக்கம் தேவையில்லை. அக்குறணையிலிருந்து வந்த தோழிகளில் பாதிப்பேருக்கு முதற்பெயர் பாத்திமா. வகுப்பாசிரியை முதல் நாளே "எல்லாப் பாத்திமாவும் எழும்புங்கோ" என்று சொல்லி, இரண்டாவது பெயரைக் கேட்டு இடாப்பில் அடிக்கோடிட்டு வைப்பார். ஆண்டு முழுவதும் அந்தக் கோட்டுக்கு மேலிருந்த பெயர்தான் அவர்களுக்கு.

கண்டியில் பெயர் ஒரு கூச்சமான விடயமாக இருந்தது புதிதல்ல. 1660 முதல் 1679 வரை கண்டி இராச்சியத்தில் சிறையிருந்த ரொபர்ட் நொக்ஸ், 1681இல் வெளியான தன் நூலில் இதைக் குறித்திருக்கிறார். சிறு வயதில் இட்ட பெயரைச் சொல்லி வளர்ந்தவர்களைக் கூப்பிடுவது இங்கே அவமானமாகக் கருதப்பட்டதாம். பெயர் சொல்லிக் கூப்பிடுவது நாய்களைத்தான் என்பார்களாம், ஆகவே பிறந்த ஊரையோ இருக்கும் ஊரையோ வைத்துப் பட்டம் சூட்டிக்கொள்வார்களாம். இதை நான் மாணவியாக இருந்தபோது வாசித்திருந்தால் எனக்குக் கொஞ்சம் ஆறுதலாக இருந்திருக்கும். காரணம், என் அப்பாயியின் பெயர் தவுட்டம்மா.

தரம் ஆறில் குடும்ப மரம் வரைந்துகொண்டு வரச்சொன்னார்கள். அப்பாயியின் பெட்டிக்குள் நான் தனலட்சுமி என்று எழுதினேன். ஆசிரியைக்கு அது பொய்யென்று தெரிய வழியில்லை. வீட்டில் அப்பாயிக்கு எழுத வாசிக்கத் தெரியாது. ஆகவே பிடிபடாமல் தப்பினேன்.

அவர் ஹேவாஹெட்டப் பக்கத்துத் தோட்டமொன்றில் பிறந்தவர். ஜேம்ஸ் டெய்லர் 1867இல் தேயிலை பயிரிட்ட லூல்கந்துரவும் அந்தப் பக்கந்தான். அப்பாயிக்கு முன் பிறந்த இரண்டு பிள்ளைகள் லயத்திலேயே இறந்துபோயின. மூன்றாவது பிள்ளையையும் எமன் கண்டுகொள்ளக்கூடாது என்பதற்காகப் பக்கத்து வீட்டுக்காரிக்குக் கொடுத்து, ஒரு படி தவிட்டுக்குத் திரும்ப வாங்கினார்கள். தவிட்டுக்கு வாங்கிய பிள்ளை தவிட்டம்மா. பேச்சில் தவுட்டம்மா. குப்பையில் கிடத்தி எடுத்த பிள்ளை குப்பம்மா அல்லது குப்புசாமி. மடிப்பிச்சை எடுத்துப் பெற்றது பிச்சை, பிச்சையம்மா. மேற்கு ஆபிரிக்காவின் யோருபா மக்களிடமும் இதே வழக்கம் உண்டு. அடுத்தடுத்துப் பிள்ளைகள் செத்த வீட்டில் பிறந்ததற்கு மலோமோ, அதாவது 'இனிப் போகாதே', அல்லது கொசோக்கோ, அதாவது 'மண்வெட்டி இல்லை', என்று பெயரிடுவார்கள். குழி தோண்ட மண்வெட்டி இல்லையாம், சாகாதே என்று பிள்ளையிடம் சொல்கிறார்கள்.

பிள்ளை மருத்துவம் படித்த பிறகுதான் அப்பாயியின் பெயரை நான் சரியாக வாசித்தேன். இந்த நாட்டில் பிறப்பு இறப்புப் பதிவு 1867இலேயே தொடங்கியது. ஆனால் தோட்டத்தில் பிறந்து பெயரிட முன் இறந்த சிசுக்கள் எல்லாம் துரையின் கணக்குக்கு வந்தன என்று யாரும் நம்பமாட்டார்கள். அப்பாயியின் அண்ணனுக்கும் அக்காவுக்கும் சான்றிதழ் எதுவும் கிடையாது. அவர்கள் பிறந்ததற்கும் இறந்ததற்கும் எஞ்சியிருந்த ஒரே பதிவு தங்கையின் பெயர்தான்.

இடாப்பில் இன்னொரு பெயரும் கண்டேன். போதும்பொண்ணு என்று எழுதி, சிவப்பு மையால் வெட்டி, மேலே பூரணம் என்று எழுதியிருந்தது. வரிசையாகப் பெண்ணாகப் பிறந்த வீட்டில் கடைசிப் பிள்ளைக்கு வைக்கும் பெயர் அது. திருத்தணிப் பக்கத்துக் கிராமங்களில் 'வேண்டாம்' என்றே வைக்கிறார்கள். மகாராஷ்டிராவின் சத்தாரா மாவட்டத்தில் 'வேண்டாதவள்' என்று பொருள்படும் நக்குஷா என்ற பெயருடன் இருந்த 285 சிறுமிகளுக்கு 2011 ஒக்டோபரில் ஒரே மேடையில் புதுப்பெயர் கொடுத்தார்கள். குப்பம்மாவும் போதும்பொண்ணும் கேட்பதற்கு ஒரே சாதிப் பெயர்கள்போலத் தோன்றும். என் கண்ணில் அவை நேரெதிர். முன்னையது இந்தப் பிள்ளை எப்படியாவது பிழைக்கவேண்டும் என்று கட்டிய காப்புக்கயிறு. பின்னையது பிள்ளையின் முகத்துக்கு நேரே கதவைச் சாத்துவது. பிரசவ விடுதியில் நான்காவது பெண்பிள்ளையைப் பார்க்காமல் சுவர்ப்பக்கம் திரும்பிப் படுத்த தாயை நான் கண்டிருக்கிறேன். அவளைக் குற்றம் சொல்ல எனக்கு மனமில்லை, வெளியே காத்திருந்த மாமியாரையும் கண்டிருக்கிறேன்.

'போதும்' என்பதைப் 'பூரணம்' ஆக்கிய ஆசிரியை யாரென்று கையெழுத்தை வைத்துக் கண்டுபிடிக்க முடியவில்லை. அர்த்தத்தைக் கெடுக்காமலே அர்த்தத்தை மாற்றிய கெட்டிக்காரி. ஆனாலும் ஒரு சந்தேகம் எனக்கு. பிறப்புச் சான்றிதழில் போதும்பொண்ணு, பாடசாலையில் பூரணம் என்றிருந்தால் அந்தப் பிள்ளை பிற்காலத்தில் என்ன பாடுபட்டிருப்பாள்?

மலையகத்தில் இது சின்ன விடயமல்ல. 1948ஆம் ஆண்டின் 18ஆம் இலக்கக் குடியுரிமைச் சட்டம் தகப்பனோ, பாட்டனும் பூட்டனுமோ இங்கே பிறந்ததற்கு அத்தாட்சி கேட்டது. 1949ஆம் ஆண்டின் 3ஆம் இலக்கச் சட்டத்தின் கீழ் சுமார் எட்டு இலட்சம் பேருக்காக விண்ணப்பித்தார்கள், கிடைத்தது ஏறத்தாழ 134,000 பேருக்கு. தாள்களிலிருந்த சின்னச்சின்னக் குறைகளைக் காட்டியே தள்ளுபடி செய்யப்பட்டவை ஏராளம். 1964 ஒக்டோபரில் சிறிமா – சாஸ்திரி ஒப்பந்தம் வந்து 525,000 பேர் இந்தியாவுக்கு, 300,000 பேர் இங்கே என்று பங்கு பிரித்தது. ஒப்பாரிக் கோச்சியில் தலைமன்னாருக்குப் போனவர்களில் அப்பாயியின் தம்பி குடும்பமும் ஒன்று. அவருக்கும் அப்பாயிக்கும் தாள்களில் தகப்பன் பெயர் ஒன்றுபோல இருக்கவில்லை. செக்ரோல் எழுதிய கிளாக்கர் ஒருவர் கறுப்பையா என்று கேட்டார், மற்றவர் கருப்பன் என்று கேட்டார், அவ்வளவுதான்.

அப்பாயி பேர் பதிந்து, ஐம்பத்தைந்து வயதுவரை கொழுந்தெடுத்தவர். சேமலாப நிதி கேட்டு விண்ணப்பித்தபோது செக்ரோலில் ஆங்கிலத்தில் 'தவட்டம்மை', அடையாள அட்டையில் சிங்களத்தில் 'தௌட்டம்மா', குடியுரிமைச் சான்றிதழில் இன்னொன்று. மூவரும் ஒருவரே என்று சத்தியக்கடதாசி முடித்துக்கொடுக்க அப்பா எத்தனை நாள் சம்பளத்தை விட்டார் என்று கணக்கில்லை.

இந்தக் குழப்பத்தில் எழுத்துகளுக்கும் பங்குண்டு. தமிழில் க, ச, ட, த, ப ஒவ்வொன்றுக்கும் ஓர் எழுத்துத்தான், சிங்களத்தில் வல்லோசைக்கும் மெல்லோசைக்கும் வெவ்வேறு எழுத்துகள். தமிழ்த் தாளைப் பார்த்துப் பெயர்க்கிற எழுதுவினைஞர் கையில் கீதாவின் முதலெழுத்து கீரையின் முதலெழுத்தாகிவிடும். ழகரமோ போகிற இடமெல்லாம் லகரம்தான், கனிமொழி கனிமொலி ஆவாள். இப்போது எண்சோதிடம் பார்த்து டிலுக்ஷனா, நிதுர்ஷிகா என்று வைக்கிறார்கள். கிளினிக் கொப்பியில் ஒருமுறை, ஆய்வுகூடச் சீட்டில் ஒருமுறை, மருந்துத் துண்டில் ஒருமுறை என மூன்று விதமாக எழுதப்படுவதைப் பார்த்து எனக்குப் பயமே வரும். விடுதியில் பெயரை நம்பி நாங்கள் இரத்தம் ஏற்றுவதில்லை, இலக்கத்தையும் சேர்த்துப் பார்த்தே ஏற்றுகிறோம்.

இளம் தாய்மாருக்கு நான் சொல்வது ஒன்றே. பிறந்த 42 நாட்களுக்குள் பதியவேண்டும். பெயர் முடிவாகவில்லை என்றால் அவசரப்பட்டுப் பதிவாளர் கேட்டபடி விடாதீர்கள், மூன்று மொழியிலும் கடதாசியில் எழுதிக்கொண்டு போங்கள். பிழைத்துப்போனால் 1951ஆம் ஆண்டின் 17ஆம் இலக்கச் சட்டத்தின் 27ஆம் பிரிவில் பெயரை மாற்றவும் சேர்க்கவும் வழியிருக்கிறது. போதும்பொண்ணுகளுக்கும் அதே பிரிவுதான்.

இந்த நூற்றாண்டை முன்னிட்டு, உயிரியல் பாடத்தில் முதலிடம் பெறும் மாணவிக்கு ஆண்டுதோறும் வழங்கவென ஒரு பரிசு நிதியைச் சங்கத்திடம் ஒப்படைத்தேன். சில நாட்களில் செயலாளர் அக்கா தொலைபேசியில் அழைத்தார். "பரிசுக்கு அப்பாயியின் பேரைத்தானே போட்டிருக்கிறீங்கள். அச்சுக்குக் கொடுக்க முன்னம் ஒருக்கா கேட்போம் என்று எடுத்தன். இது வீட்டுப் பேரா, இடாப்புப் பேர் வேறயா?" என்று மிகவும் பக்குவமாகக் கேட்டார்.

இடாப்பிலும் அதுதான் அக்கா, தவுட்டம்மா என்றே போடுங்கள் என்றேன். எழுத்துக்கூட்டியும் சொன்னேன்.