மெட்டு வெண்கலமா, பித்தளையா?

முசிறி என்றால் சங்கீதம் தெரிந்தவர்களுக்கு முசிறி சுப்பிரமணிய ஐயர் நினைவுக்கு வருவார். 1899-ல் பக்கத்துப் பொம்மலாபாளையத்தில் பிறந்து, ஊர்ப் பெயரையே தன் பெயராக்கிக்கொண்டவர். மற்றவர்களுக்குக் கோரைப்பாய் நினைவுக்கு வரும். என் பிழைப்பு இரண்டிலும் இல்லை. நான் வீணைக்கு மேளம் வைக்கிறவன். எங்கள் பெரியப்பா தஞ்சாவூர் தெற்கு வீதிப் பட்டறை ஒன்றில் வேலை பார்த்துவிட்டு முசிறிக்குத் திரும்பி வந்தார். அவரிடம் கற்றுக்கொண்ட வேலை இது. ஸ்ரீரங்கம், திருவானைக்காவல், உறையூர், ஆற்றுக்கு அக்கரையில் குளித்தலை என்று வீணை இருக்கும் வீடுகள்தான் என் வாடிக்கை.

மேளம் வைப்பதைப் பார்த்திராதவர்களுக்காகச் சொல்கிறேன். வீணையின் தண்டியில் இரண்டு ஓரமும் கறுப்பு மெழுகால் வரம்பு கட்டியிருக்கும். அந்த இரண்டு வரம்புகளுக்கும் குறுக்கே பாலம் போட்டது மாதிரி 24 மெட்டுகள் உட்கார்ந்திருக்கும். ஒரு ஸ்தாயிக்குப் பன்னிரண்டு, இரண்டு ஸ்தாயிக்கு இருபத்துநான்கு. ஆணி கிடையாது, பசை கிடையாது. மெழுகை இளக்கி, மெட்டை வைத்து, காதால் கேட்டு, நகர்த்தி, ஆறவிட வேண்டும். அவ்வளவுதான் வேலை. ஆனால் அந்த மெட்டு எந்த உலோகத்தில் இருக்க வேண்டும், எங்கே நிற்க வேண்டும் என்ற இரண்டு கேள்விகளுக்கும் பின்னால் எண்ணூறு வருஷத்துச் சரித்திரம் இருக்கிறது. மேளம் வைக்கக் கொடுப்பவர்களில் பலருக்கு அது தெரிவதில்லை. தெரிந்தால், பழைய மெட்டுகளைக் கழற்றிக் குப்பையில் போட மனசு வராது.

பழந்தமிழர் யாழில் இந்தக் கேள்வியே எழவில்லை. சுரத்துக்கு ஒரு நரம்பு. விரல் வைத்து நீளத்தைக் குறைக்க வேண்டிய அவசியம் இல்லை. விபுலானந்த அடிகள் 1947-ல் திருக்கொள்ளம்பூதூர் கோயிலில் அரங்கேற்றிய ‘யாழ் நூல்’ அந்தக் கருவிகளின் கதையை விரிவாகச் சொல்கிறது. ஒரே தந்தியில் பல சுரம் எடுக்க வேண்டும் என்று வந்தபோதுதான் மெட்டு பிறந்தது. பதின்மூன்றாம் நூற்றாண்டில் தேவகிரி யாதவர் அரசவையில் இருந்த சார்ங்கதேவர் ‘சங்கீத ரத்னாகர’த்தில் கின்னரி வீணையைப் பற்றி எழுதும்போது, மெட்டுக்குக் கழுகின் எலும்பு, இரும்பு, வெண்கலம் ஆகியவற்றைச் சொல்கிறார். அதை ஒட்டுவதற்கு, எரித்த துணியின் கரியைக் கலந்த மெழுகு. இதைப் பெரியப்பா சொல்லி முதலில் கேட்டபோது எனக்கு மயிர்க்கூச்செறிந்தது. என் அடுப்பில் இன்றைக்கும் கொதிப்பது ஏறக்குறைய அதே கலவைதான். தேன்மெழுகு, குங்கிலியம், கரித்தூள். எலும்பும் இரும்பும் போய்விட்டன. வெண்கலம் நின்றுவிட்டது.

எங்கே வைப்பது என்ற கேள்விக்கு வருவோம். ஆதியில் மெட்டு ஒரே இடத்தில் நிலையாக இருக்கவில்லை. விஜயநகரத்து ராமராயர் கேட்டுக்கொண்டபடி ராமாமாத்யர் 1550-ல் எழுதிய ‘ஸ்வரமேள கலாநிதி’யில் இரண்டு வகை வீணையைப் பார்க்கிறோம். ஒன்றில் வாசிக்கப்போகும் ராகத்துக்குத் தகுந்தபடி மெட்டுகளை வைத்துக்கொள்ள வேண்டும். அது ஏகராக மேள வீணை. இன்னொன்றில் எல்லா ராகத்துக்கும் பொதுவாக மெட்டுகள் அசையாமல் இருக்கும். அது சர்வராக மேள வீணை. மெட்டுகளின் அடுக்குக்கே மேளம் என்று பேர். நாங்கள் இன்றைக்கும் மேளம் வைப்பதாகத்தான் சொல்கிறோம்.

தஞ்சாவூரில் இது முடிவுக்கு வந்தது. 1600-லிருந்து 1634 வரை ஆண்ட ரகுநாத நாயக்கர் தாமே வீணையில் வல்லவர். அவர் காலத்தில்தான் இன்றைய 24 மெட்டு வீணை நிலைபெற்றது என்பது பொதுவான கருத்து. அவருடைய அமைச்சர் கோவிந்த தீட்சிதரின் மகன் வேங்கடமகி, அடுத்து வந்த விஜயராகவ நாயக்கர் காலத்தில் ‘சதுர்தண்டி பிரகாசிகை’ எழுதி 72 மேளங்களை வகுத்தார். ஸ்தாயியைப் பன்னிரண்டு இடங்களாகப் பிரித்து நிறுத்திய வீணை முன்னால் இல்லாமல் அந்தக் கணக்கை யாரும் போட்டிருக்க முடியாது என்பது என் திடமான எண்ணம். கல்யாணியும் தோடியும் மேளகர்த்தா வரிசையில் நிற்பதற்கு, மெழுகில் நின்ற மெட்டுகளும் ஒரு காரணம்.

பன்னிரண்டு இடம் என்று முடிவான பிறகும், அந்த இடம் இம்மி பிசகாமல் எங்கே என்ற சண்டை ஓயவில்லை. தஞ்சை ஆபிரகாம் பண்டிதர் 1917-ல் வெளியிட்ட ‘கருணாமிர்த சாகர’த்தில் பெரும்பகுதி இந்தச் சுருதிக் கணக்குதான். ஸ்தாயிக்கு 22 சுருதி என்ற பழைய கொள்கையை மறுத்து 24 என்றார். 1916-ல் பரோடாவில் கூடிய அகில இந்திய சங்கீத மாநாட்டுக்குப் போய், தம் புதல்விகளை வீணை வாசிக்க வைத்து அதை நிறுவ முயன்றார். சித்த வைத்தியரான அவர் சொந்தக் காசைப் போட்டு மாநாடுகள் கூட்டி, தந்தி நீளத்தை அளந்து அளந்து எழுதியிருக்கிறார். அவர் முடிவை ஒப்புக்கொள்ளலாம், மறுக்கலாம். ஆனால் அந்த உழைப்புக்கு மேளம் வைக்கிற ஒவ்வொருவரும் கையெடுத்துக் கும்பிட வேண்டும்.

கணக்கு எவ்வளவு தூரம் வரும் என்று பாருங்கள். தண்டியின் தலைப்பக்கம் இருக்கும் மேருவிலிருந்து குடத்தின் மேல் நிற்கும் குதிரை வரை தந்தி 84 செ.மீ. என்று வையுங்கள். பாதியில், 42 செ.மீ.-ல் மேல் ஸட்ஜம். மேருவிலிருந்து 28 செ.மீ. தள்ளிப் பஞ்சமம், 21 செ.மீ. தள்ளிச் சுத்த மத்யமம். ஏட்டில் இது அழகாக இருக்கிறது. இந்தக் கோட்டில் மெட்டை வைத்து அழுத்தினால் சுரம் தூக்கலாகப் பேசும். அழுத்தும்போது தந்தி இன்னும் கொஞ்சம் இழுபடுகிறது, அதனால்தான். ஆகவே மெட்டைக் கோட்டிலிருந்து மேரு பக்கம் ஒரு மயிரிழை தள்ள வேண்டும். எவ்வளவு என்பது தந்தியின் கனத்தையும், மெட்டுக்கும் தந்திக்கும் உள்ள இடைவெளியையும் பொறுத்தது. வாசிக்கும் நான்கு தந்திகளில் சாரணியும் பஞ்சமமும் மெல்லிய எஃகு. மந்தரமும் அனுமந்தரமும் கனம். ஒரே மெட்டு நான்குக்கும் சரியாகப் பேச வேண்டும். அதனால் நன்றாக மேளம் வைத்த வீணையில் சில மெட்டுகள் கண்ணுக்குத் தெரிந்தும் தெரியாமலும் சாய்ந்திருக்கும். அதைக் கோணல் என்று நினைத்து நிமிர்த்திவிடாதீர்கள்.

குதிரையும் தன் பங்குக்குக் கணக்கைக் குழப்பும். வீணைக் குதிரையின் மேல் வெண்கலத் தகடு லேசாக வளைந்திருக்கும். தந்தி அதன் மேல் உரசிக்கொண்டே அதிரும். தந்தியை ஒரு குறிப்பிட்ட இடத்தில் மீட்டினால் இன்ன உபசுரம் ஒலிக்காது என்று மேல்நாட்டு அறிவியலில் ஒரு விதி உண்டு. வீணையும் தம்பூராவும் அந்த விதிக்குக் கட்டுப்படுவதில்லை, காரணம் இந்தக் குதிரைதான் என்று 1921-ல் ஆய்வுக் கட்டுரை எழுதியவர் சர் சி.வி. ராமன். 1888-ல் எங்கள் திருவானைக்காவலில் பிறந்தவர். ஒளிச்சிதறலுக்கு நோபல் பரிசு வாங்குவதற்கு ஒன்பது வருஷம் முன்பு அவர் வீணையைக் கையில் எடுத்துப் பார்த்திருக்கிறார். எங்கள் ஜில்லாக்காரர்கள் இதையும் சேர்த்துப் பெருமைப்பட்டுக்கொள்ள வேண்டும்.

மேல்நாட்டார் வேறு வழியில் போனார்கள். கலிலியோவின் தந்தை வின்சென்சோ கலிலி 1581-ல், மிச்சமிருக்கும் தந்தியில் பதினெட்டில் ஒரு பங்கைக் கழித்து அடுத்த மெட்டை வை என்று சுலபமான விதி சொன்னார். அப்போது அவர்கள் வாத்தியத்தில் மெட்டு என்பது கழுத்தைச் சுற்றிக் கட்டிய குடல் நரம்பு, நகர்த்த முடியும். பிற்பாடு கித்தாரில் மரத்தை அறுத்து, கம்பியின் அடிக்காலைச் சுத்தியலால் தட்டி இறக்கிவிட்டார்கள். அந்தக் கம்பி பெரும்பாலும் ஜெர்மன் சில்வர். பேரில்தான் வெள்ளி, உள்ளே செம்பும் நிக்கலும் துத்தநாகமும். திருச்சி மேலப்புதூர், பாலக்கரைப் பக்கம் தேவாலயங்களில் கித்தார் வாசிக்கும் பிள்ளைகள் சிலர் கம்பி தேய்ந்துபோய் என்னிடம் கொண்டுவருவார்கள். மாற்றிக்கொடுப்பேன். அதில் இடம் தேடும் வேலை இல்லை. இடம் தொழிற்சாலையில் முடிவாகிவிட்டது. எங்கள் மாண்டலின் ஸ்ரீநிவாஸ் அப்படிப்பட்ட அசையாத மெட்டுகளிலேயே கமகத்தைக் கொண்டுவந்தார். அது அவர் விரலின் மகத்துவம்.

கமகம்தான் உலோகத்தைத் தீர்மானிக்கிறது. கித்தாரில் விரல் பெரும்பாலும் அழுத்திவிட்டு எடுத்துவிடும். கம்பியில் அழுத்திய இடத்தில் சின்னக் குழி விழும். வீணையில் ஒரே மெட்டின் மேல் தந்தியைப் பக்கவாட்டில் இழுத்து மூன்று சுரம், நான்கு சுரம் வரை எடுக்கிறோம். எட்டயபுரத்தில் சுப்பராம தீட்சிதர் 1904-ல் அச்சிட்ட ‘சங்கீத சம்பிரதாய பிரதர்சினி’யைத் திறந்தால் பக்கத்துக்குப் பக்கம் கமகக் குறிகள். அந்த ஒவ்வொரு குறியும் மெட்டின் மேல் எஃகுத் தந்தி ஒருமுறை உராய்வது. பித்தளை மெட்டானால், தினம் சாதகம் செய்கிற கையில் சீக்கிரமே அகலமான தடம் விழுந்துவிடும். தடத்தின் விளிம்பில் தந்தி தட்டி நிற்கும், இழுப்பு வழுக்காமல் படிப்படியாக ஏறும், இரைச்சல் சேரும். வெண்கலம் அப்படியல்ல. ஐந்தில் ஒரு பங்குக்குக் குறையாமல் வெள்ளீயம் சேர்ந்த கெட்டியான உலோகம், கோயில் மணிக்கு வார்ப்பது. தட்டி வளைக்கப் பார்த்தால் உடைந்துவிடும். ஆகவே குச்சியாக வார்த்து, அரத்தால் ராவி, உப்புத்தாளில் தேய்த்து, மேல்பக்கத்தை லேசான வளைவாக்க வேண்டும். ஒரு மெட்டுக்கே நேரம் பிடிக்கும். எவர்சில்வர் தேயாதே என்பார்கள். மெட்டு தேயாது, உண்மை. ஆனால் தந்தி தேய்கிறது, நாதத்தில் ஒரு கிணுகிணுப்பு ஏறுகிறது. எனக்கு அது ஒப்பவில்லை.

ஸ்ரீரங்கம் சித்திரை வீதியில் ஒரு மாமி வீட்டு வீணை. அவருடைய பாட்டிக்குச் சீராக வந்தது. ஒரே பலாமரத்தில் குடைந்த ஏகாண்ட வீணை. “தம்பி, மெட்டெல்லாம் கறுத்துப் போயிடுத்து, பளிச்சுனு பித்தளையா மாத்திடேன்” என்றார். கழற்றிப் பார்த்தேன். அத்தனையும் வெண்கலம். இத்தனை வருஷ வாசிப்பில் முதல் ஸ்தாயி மெட்டுகளில் மட்டும் கோடு மாதிரி மெல்லிய தடம். அரத்தால் இரண்டு இழுப்பு இழுத்து, எண்ணெய்த் துணியால் துடைத்துக் காட்டினேன். பொன்னிறம் வந்தது. “மாமி, இது இன்னும் ரெண்டு தலைமுறைக்கு வரும்” என்றேன். “அப்போ இதையே வெச்சுடுப்பா” என்று உள்ளே போய்க் காபி கலந்துகொண்டு வந்தார். இராப்பத்து நாட்களில் நம்பெருமாள் ஆயிரங்கால் மண்டபத்திலிருந்து மூலஸ்தானம் திரும்பும்போது வீணை ஏகாந்தம் நடக்கிற ஊர் அது. வீணை நாதத்தோடு பெருமாளை உள்ளே அனுப்பிவைக்கும் ஊரில் நாதம் எதில் இருக்கிறது என்று சொல்லிப் புரியவைக்க நேரம் ஆகவில்லை.

இப்போது மெழுகே வேண்டாம், மரத்திலோ பிளாஸ்டிக்கிலோ வரம்பு வைத்து மெட்டைத் திருகாணியால் முடுக்கிவிடலாம் என்கிறார்கள். விமானத்தில் கொண்டுபோகிறவர்களுக்கும் குளிர்தேசத்தில் இருப்பவர்களுக்கும் அது சௌகரியம். குறை சொல்ல மாட்டேன். எங்கள் ஊர் அக்னி நட்சத்திர வெயிலில் மெழுகு இளகுவதும், மெட்டு நகர்வதும் நிஜமான தொல்லை. பூட்டிய காருக்குள் மத்தியானம் வைத்த வீணையில் மெட்டுகள் வரிசை குலைந்து கிடந்ததைப் பார்த்திருக்கிறேன். அதற்குக் குங்கிலியத்தைக் கொஞ்சம் கூட்டிப் போட்டு மெழுகைக் கெட்டியாக்குவது ஒரு வழி. அதிகமாகிவிட்டால் மார்கழியில் மெழுகு வெடிக்கும். முசிறிக்கு ஒரு பதம், கொடைக்கானலுக்கு ஒரு பதம். ஆனால் மெழுகு இருக்கும் வரைதான், தந்தி மாறினாலும், வாசிப்பவர் கை மாறினாலும், காதுக்கு ஏற்றபடி ஒவ்வொரு மெட்டையும் தனித்தனியாக இடம் மாற்றி வைக்க முடியும். ரகுநாத நாயக்கர் காலத்தில் மெட்டுகளை நிலையாக நிறுத்தியவர்கள் அந்த வாசலை மட்டும் சாத்தவில்லை.

2013-ல் தஞ்சாவூர் வீணைக்குப் புவிசார் குறியீடு கிடைத்தது. சந்தோஷம். குறியீடு புது வீணையைக் காப்பாற்றும். வீட்டுப் பரணில் கிடக்கும் பழைய வீணையை நீங்கள்தான் காப்பாற்ற வேண்டும். அதை இறக்கிப் பாருங்கள். மெட்டு கறுத்திருந்தால் அது கெட்டுப்போனது என்று அர்த்தமில்லை. மேளம் வைக்கக் கொடுக்கும்போது, பழைய மெட்டுகளையே ராவி வைக்கச் சொல்லுங்கள். ஒன்றிரண்டு உடைந்திருந்தால் அதை மட்டும் வெண்கலத்தில் வார்த்து வாங்குங்கள். யாராவது எல்லாவற்றையும் மாற்றியே ஆக வேண்டும் என்றால், கழற்றிய 24 மெட்டுகளையும் எண்ணிக் கையில் வாங்கிக்கொண்டு வாருங்கள். எடைக்குப் போடாதீர்கள். வேலையைக் கோடையில் கொடுக்க வேண்டாம். ஐப்பசி, கார்த்திகையில் கொடுங்கள், மெழுகு நன்றாக இறுகும்.